சாமி அறையில் வைத்த ரவுட்டர்

எங்கள் வீட்டு ரவுட்டர் சாமி அறையில்தான் இருந்தது. கொழும்பில் இருக்கும் என் சிநேகிதர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதை அங்கே வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அங்கேயே விட்டுவைத்ததற்கு வேறொரு காரணம் இருந்தது. இரண்டும் அந்தந்த நேரத்தில் சரியாகத்தான் பட்டன. ஒரு மடைத்தனம் செய்துவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொள்ளவாவது முடிந்தால் ஆறுதலாக இருக்கும். அதுவும் முடியவில்லை.

உருத்திரபுரத்தில் வாய்க்கால் வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே இறங்கி இருக்கிறது எங்கள் வீடு. பழைய வீடு சண்டையோடு போய்விட்டது. திரும்பி வந்த பிறகு வீட்டுத் திட்டத்தில் கிடைத்த சின்ன வீட்டோடு, கையில் காசு வந்த நேரமெல்லாம் ஒவ்வோர் அறையாக ஒட்டி ஒட்டிக் கட்டினோம். வீதிப் பக்கம் சாமி அறை. அதை அடுத்து ஹோல். பிறகு நானும் மனைவியும் படுக்கும் அறை. அதற்குப் பின்னால் சமையலுக்குக் குசினி. குசினிக்கும் அப்பால், கடைசியாகக் கட்டிய குளியலறையும் ஒரு பின் அறையும். ரயில்பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும் வீடு. காணி அகலமில்லை, நீளம்தான். கட்டும்போது அந்த நீளத்தைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

இணையம் வேண்டும் என்று நின்றவர் அண்ணா. அவர் கனடாவில் இருக்கிறார். போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. அது முடியாமல் அங்கேயிருந்து வெளிக்கிட முடியாது, வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. இங்கே அம்மாவுக்குக் காது கேட்காது. கடைசிச் சண்டையில் பங்கருக்குப் பக்கத்தில் விழுந்த ஒரு ஷெல்லோடு போன காது. சத்தம் போட்டால் மட்டும் சத்தம் என்று தெரியும். கதை விளங்க வேண்டுமென்றால் முகத்தைப் பார்க்க வேண்டும், வாயசைவைப் பார்க்க வேண்டும். ஆகவே சாதாரண தொலைபேசி அழைப்பு அம்மாவுக்கு ஒன்றுக்கும் உதவாது. படம் தெரிய வேண்டும். படம் தெரிந்தால் அண்ணாவின் வாயைப் பார்த்து அம்மா எல்லாம் கதைப்பா. தெரியாவிட்டால் அண்ணா இல்லை, அவ்வளவுதான்.

ரவுட்டரைப் பொருத்த வந்த இளந்தாரி கையில் போனை வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். சந்தியில் நிற்கும் கோபுரத்திலிருந்து வரும் சிக்னலை எந்த யன்னல் நன்றாகப் பிடிக்கிறது என்று பார்த்தான். சாமி அறை யன்னல்தான் சந்தியைப் பார்த்த யன்னல்.

"அம்மா, இஞ்சதான் டவர் வடிவா இழுக்குது. இதுக்கை வைக்கலாமோ?"

நான் அதை அம்மாவுக்கு முகத்தைக் காட்டித் திருப்பிச் சொன்னேன். அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தா.

"தம்பி, மச்சம் மாமிசம் ஏதும் சாப்பிட்டுட்டோ வந்தனீர்?"

"இல்லை அம்மா. இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ" என்றான் அவன். அந்த ஒரு சொல்லோடு அனுமதி கிடைத்தது. பிள்ளையார் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் சாமித் தட்டில் ரவுட்டர் ஏறிக் குந்தியது.

அதில் இரண்டு தூரங்கள் இருக்கின்றன என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. கோபுரத்திலிருந்து பெட்டி வரைக்கும் ஒரு தூரம். பெட்டியிலிருந்து மனிதர் வரைக்கும் இன்னொரு தூரம். வந்தவன் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்ல முடியாது. அப்போது அம்மா ஹோலில், சாமி அறை வாசலோடு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பவ. இரண்டாவது தூரம் என்று ஒன்று அப்போது இல்லவே இல்லை.

இங்கே விடியும்போது அங்கே பொழுதுபடும். அண்ணா வேலையால் வந்து, அம்மாவைப் போனில் எடுப்பார். அம்மா முழுகி, விளக்கேற்றி, படங்களுக்குப் பூ வைத்து, கடைசியில் ரவுட்டருக்கும் ஒரு செவ்வரத்தம்பூ வைத்துவிட்டு வந்து உட்காருவா. அதன் அன்டெனாவில் பூவைச் செருகுவா. நெற்றி மாதிரி ஓரிடத்தைப் பார்த்துக் குங்குமமும் வைத்தா. காற்றுத் துவாரங்களுக்குள்ளே குங்குமம் போகுது என்று நான் கத்தினேன். கத்தி என்ன, கேட்கவா போகிறது? வேண்டாத கதை என்றால் அம்மா என் வாயைப் பார்க்கவே மாட்டா.

அண்ணாவும் பழகிவிட்டார். அம்மாவோடு கதைக்கும்போது வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகக் கதைப்பார். அந்தப் பழக்கத்தில் என்னோடும் அப்படியே கதைக்கத் தொடங்கி, நான் சிரிக்கும்போதுதான் நிறுத்துவார். எப்போதாவது படம் உறைந்து நின்றால், "நிண்டுட்டுது, தம்பி, படம் நிண்டுட்டுது" என்று அவருடைய குரல் மட்டும் வரும். அம்மாவுக்கு அந்தக் குரல் கேட்காது. அசையாமல் நிற்கும் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பா: "ஏன் பேசாமல் இருக்கிறான்? என்னோடை கோவமோ?"

எத்தனை தரம் விளங்கப்படுத்தினாலும் அம்மா அதைக் கோபம் என்றே எடுப்பா. சின்ன வயதில் அண்ணா கோபித்தால் அப்படித்தானாம், முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு நிற்பாராம்.

பிறகு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தா. இடுப்பெலும்பு. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயம் பலவீனம், ஒப்பரேசன் தாங்காது, வீட்டில் வைத்துப் பாருங்கோ என்றார்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பதென்றால் குளியலறைக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். ஆகவே அம்மாவின் கட்டில் பின் அறைக்குப் போனது. வீட்டின் இந்தத் தலையில் ரவுட்டர், அந்தத் தலையில் அம்மா.

முதல்நாள் காலை அண்ணா எடுத்தார். நான் ஹோலில் நின்று அழைப்பை ஏற்று, கதைத்தபடி பின்னால் நடந்தேன். எங்கள் அறையைத் தாண்டும்போது அண்ணாவின் முகம் மங்கியது. குசினியில் சதுரம் சதுரமாக உடைந்தது. பின் அறை வாசலில் கால் வைக்கும்போது படம் நின்றது. அம்மா படுத்தபடி கை நீட்டிப் போனை வாங்கினா. கண்ணை மூடியும் மூடாமலும், வாய் பாதி திறந்தபடி உறைந்த ஒரு முகம். அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

நாங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்கள். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் திறந்தாலும் கடைசி வயலுக்கு வருவதற்குள் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். இடையில் ஒவ்வொன்றும் தன் பங்கைக் குடித்துவிடும். இதுவும் அப்படித்தான். சாமி அறைக்கும் அம்மாவுக்கும் இடையில் என்னென்ன குடிக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். சீமெந்துக் கல்லில் கட்டிய சுவர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. எங்கள் அறையில் ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்பு அலுமாரி, சிக்னல் வரும் வழியை மறித்துக்கொண்டு. அதற்கப்பால் குளிர்சாதனப் பெட்டி. இவை எல்லாவற்றையும் தாண்டி வந்தால், குளியலறையோடு மேடை கட்டி ஏற்றிய கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. சிக்னலைத் தண்ணீர் மாதிரிக் குடிப்பது வேறொன்றுமில்லை என்று அண்ணா சொன்னார். அந்தத் தாங்கி பின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

கைபேசி டேட்டாவில் எடுக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். பின் அறைக்குள் கோபுரம் எட்டாது. கிணற்றடிக்குப் போனால் எட்டும். அம்மாவைக் கிணற்றடிக்குக் கொண்டுபோக முடியாது. ஒருமுறை நானும் மனைவியும் இன்னும் இரண்டு பேருமாகக் கட்டிலோடு தூக்கி ஹோலுக்குக் கொண்டுவந்தோம், பொங்கலன்று. அம்மா வலியில் அழுத அழுகையைப் பார்த்து அண்ணாவே "வேண்டாம், இனிமேல் ஒருக்காலும் தூக்காதேங்கோ" என்று அழுதார்.

நான் சும்மா இருக்கவில்லை. அலுமாரியை இழுத்து மற்றச் சுவரோடு போட்டேன், போனில் சிக்னல் ஒரு கோடு கூடியது. போனில் எங்கள் ரவுட்டரே இரண்டு பெயரில் தெரியும். ஒன்று வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். மற்றது மெதுவானது, சுவருக்குள்ளால் எப்படியோ நெளிந்து வந்துவிடும். போன் எப்போதும் வேகமானதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கண்டுபிடித்து, மெதுவானதில் மாட்டிவிட்டேன். அன்று அண்ணா கொஞ்ச நேரம் அசைந்தார். அம்மா அவருடைய தாடி நரைத்துவிட்டது என்று கண்டா. "வயசு போட்டுது என்ரை பிள்ளைக்கு" என்றா. அதற்குள் மனைவி தாங்கிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டரைப் போட்டாள். தாங்கி நிரம்ப நிரம்ப அண்ணா நின்றுவிட்டார். அதற்காக நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

"தண்ணி ஏத்தாமல் மாமியை என்னத்தாலை கழுவுறது? உங்கடை சிக்னலாலையோ?" என்று கேட்டாள்.

டவுனில் ஒரு ரிப்பீட்டர் வாங்கி வந்தேன். சிக்னலை வாங்கித் திருப்பி எறிகிற சின்னப் பெட்டி. பெட்டியைப் பார்த்ததும் சந்தோஷத்தில் நேரே போய் அம்மாவின் தலைமாட்டில் இருந்த பிளக்கில் குத்தினேன். அங்கே சிக்னலே இல்லை, அது எதை வாங்கி எதை எறியும்? அதைப் பாதி வழியில் வைக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது. பாதி வழியில் இருந்த ஒரே பிளக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், இரும்புக்கும் சுவருக்கும் நடுவில். அங்கே குத்தினால் அது சிவப்பாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

அண்ணா ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் சொன்னார். "தம்பி, உதெல்லாம் விடு. ரவுட்டரை நடு வீட்டுக்குக் கொண்டுவா. உயரத்திலை வை. இரும்புக்கும் தண்ணிக்கும் கிட்ட வையாதை."

எனக்கும் அது விளங்கித்தான் இருந்தது. அம்மாதான் விடவில்லை.

"வைச்ச இடத்திலை இருக்கட்டும்" என்றா. நான் முகத்தை நேரே காட்டி, சுவர், இரும்பு, தண்ணீர் என்று எல்லாம் சொன்னேன். அம்மா முழுவதையும் பார்த்தா. பிறகு மெதுவாகச் சொன்னா: "அவன் எங்கையோ ஒரு பாசையும் விளங்காத ஊரிலை ஆருமில்லாமல் நிக்கிறான். இஞ்சை வரேக்கை எண்டாலும் சாமிக்குள்ளாலை வரட்டும். அதுக்குள்ளை இருந்தால் எனக்கு ஒரு நிம்மதி."

எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மாவுக்கு அண்ணாவைப் பார்க்கவும் வேண்டும், அண்ணா சாமி அறையில் இருக்கவும் வேண்டும். ஆனால் மகன் பத்திரமாக இருக்கிறான் என்று நினைக்க அம்மாவுக்கு உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு தட்டும் அதில் மினுங்கும் பச்சை வெளிச்சமும்தான். அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

மனைவிதான் கடைசியில் சம்மதிக்க வைத்தாள். ரவுட்டரை நடு அறைக்குக் கொண்டுவருவோம், அதற்கு மேலே ஒரு சின்னப் பிள்ளையார் படமும் கொழுவுவோம், அப்போது சாமியும் கூடத்தானே வருகிறார் என்று சொன்னாள். அம்மா யோசித்தா. "வெள்ளிக்கிழமை விளக்கேத்திப்போட்டு எடு" என்றா. நாங்கள் படம்கூட வாங்கிவிட்டோம்.

அந்த வெள்ளிக்கு முன்பே ஒட்டுசுட்டானில் பெரியப்பா செத்துப்போனார். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் வீட்டுக்கு முழுத் துடக்கு, சாவுத் தீட்டு. சாமி அறைக் கதவைச் சாத்தினோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வீடு கழுவும்வரை எங்களில் ஒருவரும் அதற்குள் கால் வைக்க முடியாது, விளக்கில்லை, பூவில்லை. செத்தவீட்டுக்குப் போன அவசரத்தில் ரவுட்டரை ஒருவரும் நினைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் அது தன்பாட்டில் மினுங்கிக்கொண்டிருந்தது. சிலவேளை அதுவும் இறுகிப்போய் நின்றுவிடும். அப்போது நான் போய் வீட்டின் மெயின் சுவிட்சை அமர்த்திப் போடுவேன். ஒரு ரவுட்டரை எழுப்ப முழு வீட்டையும் இருட்டாக்குகிற வீடு வன்னியில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா இருக்கிறா. இனக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். என் அம்மாவை அவவும் அம்மா என்றுதான் கூப்பிடுவா. முதுகில் புண் வராமல் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க மனைவிக்கு அவதான் கைகொடுப்பா. ஒருநாள் அம்மா உறைந்த படத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைக் கண்டுவிட்டு என்னிடம் வந்தா.

"ஏன் தம்பி, அந்தப் பொட்டிய நான் எடுத்தாந்து தரட்டா? ஒங்களுக்குத்தானே தீட்டு. எனக்கென்ன?"

நியாயமான கேள்வி. நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினா. "சாமிக்குப் பக்கத்திலை இருந்ததைத் துடக்கு வீட்டுக்கை எடுத்து வைக்கிறதோ? வேண்டாமப்பு. அந்தியேட்டி முடியட்டும். பிறகு ஆறுதலாப் பாப்பம்."

நானும் அக்காவிடம் அதையே சொன்னேன். இன்னும் கொஞ்ச நாள்தானே, அக்கா. அண்ணாவிடமும் சொன்னேன். கொஞ்ச நாள்தானே, அண்ணா. அவரும் "ஓம், ஓம், அம்மாவின்ரை மனம் நோகாமல் செய்வம்" என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டோம். அம்மாவின் மனம் நோகக்கூடாது என்று எல்லாரும் அவ்வளவு கவனமாக இருந்தோம். இப்போது நினைக்கும்போது ஒருவராவது சண்டை பிடித்திருக்கலாமே என்று இருக்கிறது.

அந்தியேட்டி வரவில்லை. அதற்கு முன்பே ஒருநாள் அம்மாவின் மூச்சு மாறியது. டவுனிலிருந்து வந்து பார்த்த டொக்டர், இனி எங்கேயும் கொண்டுபோய் அலைக்க வேண்டாம், சொல்ல வேண்டிய ஆட்களுக்குச் சொல்லுங்கோ என்றார். மறுநாள் விடிய அண்ணாவுக்குச் சொல்வதற்காக ஹோலுக்குப் போக எழும்பினேன். குசினியில் பால் விடாத பிளேன்ரீயோடு வந்து நின்ற அக்கா என் முகத்தைப் பார்த்தா. கோப்பையைக் கீழே வைத்தா. வெளியே பைப்பில் காலைக் கழுவினா. ஹோலுக்குள் நடந்து, சாமி அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனா. திரும்பி வரும்போது இரண்டு கையாலும் ரவுட்டரைப் பிடித்திருந்தா. அன்டெனாவில் அம்மா விழமுன் செருகிய செவ்வரத்தம்பூ காய்ந்து கறுத்து அப்படியே இருந்தது. அதை எடுக்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மனைவி வயர் இழுத்தாள். குசினி வாசலில் ஒரு கதிரை, கதிரைமேல் அரிசிப் பெட்டி, அதன்மேல் ரவுட்டர். கோபுரத்தின் சிக்னலில் ஒரு கோடு குறைந்தது. ஒரே ஒரு கோடு. நான் போனை எடுத்துக்கொண்டு பின் அறைக்குள் நடந்தேன். எல்லாக் கோடுகளும் நிரம்பி நின்றன. கறுப்புத் தாங்கி அதே இடத்தில்தான் நின்றது, சுவர்களும் நின்றன.

அண்ணா வந்தார். அவருடைய தாடியில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. பின்னால் இருந்த யன்னலில் பனி ஒட்டியிருந்தது.

"அம்மாவைக் காட்டு" என்றார்.

போனைத் திருப்பினேன். அண்ணா குனிந்து பார்த்தார். பிறகு, "எவ்வளவு வடிவாத் தெரியுது, தம்பி" என்றார். அம்மாவின் நெற்றியில் இருந்த பழைய தழும்பைக் கண்டார். போர்த்தியிருந்த போர்வை தான் அனுப்பியதுதானா என்று கேட்டார். ஓம் என்றேன். அம்மா கண்ணை மூடியபடி இருந்தா.

"கண்ணைத் திறந்தவுடனை பாக்கிற மாதிரிக் கிட்டப் பிடி. நான் கதைக்கிறன்."

நான் அம்மாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தேன். அண்ணா வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார். அம்மா, நான் வந்திருக்கிறன். இஞ்சை பாருங்கோ. அம்மா. கேட்காத காதுக்கும் மூடிய கண்ணுக்கும் முன்னால் அவருடைய உதடுகள் ஒரு தடங்கலும் இல்லாமல் அசைந்துகொண்டே இருந்தன. அவர் எதையெல்லாமோ சொன்னார். சின்ன வயதில் கோபித்ததையும் சொன்னார். மனைவி அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மூக்கருகே கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அண்ணா நிறுத்தினார். திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார்.

"தம்பி, படம் நிண்டுட்டுதோ?"

அம்மாவின் தலைமாட்டு யன்னலில் திரைச்சீலை காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

"இல்லை அண்ணா" என்றேன். "படம் ஓடுது."